துருசுத் திறப்பு யாரிடம் இருந்தது? மல்லாவியிலிருந்து வந்த இரண்டு நூல்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

இரண்டு நூல்களை என் சொந்தக் காசில் வெளியிட்டிருக்கிறேன். ஒன்று 2018இல், மற்றது 2023இல். முதலாவதை 500 பிரதி அச்சிட்டேன்; 112 பிரதி இன்னும் வீட்டில் இருக்கிறது. இரண்டாவதை 100, 100, 60 என்று மூன்று தடவையாக அச்சிட்டேன். அந்த 260இல் என் கையில் மிஞ்சியது 4. எழுதியதும் வெளியிட்டதும் ஒரே ஆள். ஊரும் ஒன்றுதான். அப்படியிருக்க ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று மூன்று நான்கு பேர் கேட்டார்கள். அவர்களும் எழுதுகிறவர்கள், அச்சிடுவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுவது என் வேலை. அந்தப் பழக்கத்தில் இரண்டு நூலுக்கும் தலா ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டைக் கொப்பி) போட்டு, விற்றது, கொடுத்தது, கெட்டது எல்லாவற்றையும் திகதியோடு எழுதி வைத்திருக்கிறேன். கீழே வரும் எண்கள் அந்தக் கொப்பிகளில் உள்ளவை.

ஏன் அவசரப்பட்டேன்

நான் பிறந்தது 1981இல், யாழ்ப்பாணத்தில். அந்த வருடம்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அது எனக்குக் கேள்விப்பட்ட கதை. என் கண்ணால் கண்டது 1995 ஒக்ரோபர் கடைசியில் சண்டை நெருங்க ஊரே எழும்பி நடந்தது. தென்மராட்சியில் சில மாதம் இருந்துவிட்டு, கிளாலிக் கடல் கடந்து வன்னிக்கு வந்தோம். மல்லாவியில் ஒரு கொட்டிலில் தொடங்கிய வாழ்க்கை. திரும்பிப் போகலாம் என்ற காலம் வந்தபோது அப்பா இங்கே காணி வாங்கிவிட்டார். நின்றுவிட்டோம்.

எழுதத் தொடங்கியது பள்ளிக்கூடக் கொப்பிகளின் பின்பக்கங்களில். அப்போது பொருளாதாரத் தடை. ஒரு புதுக் கொப்பி வீட்டுக்கு வந்தால் அது முதலில் கணக்குப் பாடத்துக்குத்தான். 2008இல் மல்லாவியை விட்டு ஓடியபோது நாலு கொப்பி எழுதி வைத்திருந்தேன். தர்மபுரம், விசுவமடு என்று நகர்ந்து புதுக்குடியிருப்புக்குப் போகும்வரை அவற்றைக் கொண்டு திரிந்தேன். அங்கே ஒரு சொப்பிங் பையில் சுற்றி, பதுங்குகுழிக்குப் பக்கத்தில் தாட்டேன். 2010இல் மல்லாவிக்குத் திரும்பி வந்தோம். புதுக்குடியிருப்புப் பக்கம் ஆட்கள் போய்வரத் தொடங்கிய பிறகு தேடிப் போனேன். எந்தக் காணி என்றே அடையாளம் தெரியவில்லை.

முதல் நூலில் இருந்த 14 கதைகளில் 5 கதைகள் அந்தக் கொப்பிகளில் இருந்தவை. நினைவிலிருந்து திரும்ப எழுதினேன். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. அச்சில் ஏறிவிட்டால் இனி அழியாது என்ற எண்ணம் எனக்குள் பலமாக இருந்தது. யார் வாசிக்கப் போகிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை. எத்தனை பிரதி இருந்தால் எல்லாம் ஒரேயடியாகத் தொலையாது என்றுதான் யோசித்தேன். வன்னியில் எழுதுகிற பலரிடம் இந்தப் பயத்தைக் கண்டிருக்கிறேன். நியாயமான பயம்தான். ஆனால் எத்தனை பிரதி அடிப்பது என்பதை அந்தப் பயத்திடம் விட்டது என் முதல் பிழை.

500 என்ற எண்

கையெழுத்துப் பிரதியை யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். 160 பக்கம். 16 பக்கம் ஒரு பாரம் என்றால் 10 பாரம். ஓப்செட்டில் அடிக்கும்போது பிளேட் போடுவதற்கும் மெஷினைச் சரிப்படுத்துவதற்கும் ஆகும் செலவு 100 பிரதிக்கும் 500 பிரதிக்கும் ஒன்றுதான். அதனால் கூட அடிக்க அடிக்க ஒரு பிரதியின் அடக்க விலை இறங்கும். அச்சகத்தில் இதை ஒரு தாளில் போட்டுக் காட்டினார்கள். கணக்குச் சரி. கணக்கெழுதும் எனக்கே அதில் பிழை தெரியவில்லை. ஆனால் 500உம் விற்றால்தான் அந்த விலை உண்மையான விலை. 200 மட்டும் விற்றால் விற்ற 200தான் மிச்ச 300இன் செலவையும் சுமக்கும். சங்கத்தில் பருப்பு மூட்டை எடுக்கும்போது இதை மறக்க மாட்டேன். என் சொந்தப் புத்தகம் என்றதும் மறந்துபோனேன்.

ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண்ணை எடுப்பது கஷ்டமாக இருக்கவில்லை. கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைதான் அதைக் கொடுக்கிறது. 13 இலக்கம். முதலில் 978, பிறகு இலங்கைக்குரிய 955 அல்லது 624, கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. அந்த எண்ணை எடுத்தால்தான் எழுத்து நமக்குச் சொந்தம் என்று பலர் நம்புகிறார்கள். அது விற்பனைக்கும் நூலகத்துக்கும் உதவும் அடையாளம், அவ்வளவுதான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதி முடித்த அன்றே உரிமை எழுதியவருடையது. எங்கும் பதியத் தேவையில்லை. எழுதியவர் இறந்த பிறகும் 70 வருடம் நிற்கும்.

காற்புள்ளிகள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சொந்தமாக நூல் போடுகிறவர்களை இன்றைக்கும் இது விழுத்துகிறது.

நான் யூனிகோட்டில் அடித்துக் கொடுத்தேன். அச்சகத்தில் பக்கம் வடிவமைத்தவர் பழைய மென்பொருளில் பாமினி எழுத்துருவில் வேலை செய்கிறவர். இலங்கையில் நிறைய அச்சகங்கள் நெடுங்காலம் பாமினியில்தான் ஓடின. பாமினி என்பது ஆங்கில விசைகளின் இடங்களில் தமிழ் எழுத்து வடிவங்களை வைத்த எழுத்துரு. அதில் ‘இ’ இருக்கும் இடம் காற்புள்ளி விசை. ‘இலங்கை’ என்று அடிப்பதானால் முதலில் காற்புள்ளியைத்தான் தட்ட வேண்டும். உண்மையான காற்புள்ளிக்கு வேறொரு விசை. ஆகவே யூனிகோட்டிலிருந்து பாமினிக்கு மாற்றும்போது எழுத்துகளை மட்டும் மாற்றி, நிறுத்தற்குறிகளை அப்படியே விட்டால் காற்புள்ளி எல்லாம் ‘இ’ ஆகிவிடும்.

முதல் 11 கதைகளுக்கு அவர் அதைக் கவனித்து மாற்றியிருந்தார். புரூவ் பார்த்தேன், நன்றாக இருந்தது. கடைசி மூன்று கதைகளில்தான் நான் வேலை வைத்தேன். புரூவ் முடிந்த பிறகு மனம் கேளாமல் மூன்றையும் திருத்தி மின்னஞ்சலில் அனுப்பினேன். அவசரத்தில் அவை மாற்றி ஒட்டப்பட்டன. திரும்பப் பார்க்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை, பாருங்கள் என்று அவர்களும் சொல்லவில்லை.

பெட்டிகள் பஸ்ஸில் மாங்குளத்துக்கு வந்து, அங்கிருந்து ஓட்டோவில் வீட்டுக்கு வந்தன. முதல் பெட்டியைத் தங்கச்சியின் மகள் சவர அலகால் கீறித் திறந்தாள். புது மையின் மணம். நான் அட்டையைத் தடவிக்கொண்டிருக்க, அவள் கடைசிப் பக்கங்களைப் புரட்டி வாய்விட்டு வாசித்தாள்: “அம்மாஇ தங்கச்சிஇ நான் மூன்று பேரும்...” பகிடி பண்ணுகிறாள் என்று நினைத்தேன். வாங்கிப் பார்த்தேன். மூன்று கதையிலும், ஒவ்வொரு காற்புள்ளியும் ‘இ’. 500 பிரதியிலும்.

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. வெளியீட்டுக்கு ஒன்பது நாள் இருந்தது. பிழை திருத்தம் என்று ஒரு சிறு துண்டு அடித்து எல்லாப் பிரதியிலும் செருகினோம். செருகும்போது அம்மா சொன்னா, “வாசிக்கிற ஆள் விளங்கிக்கொள்ளும்.” விளங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த மூன்றில் ஒன்று, புதுக்குடியிருப்பில் தாட்டுவிட்டு வந்த கதை.

வெளியீட்டு நாள்

பாடசாலை மண்டபம். மங்கல விளக்கு, அகவணக்கம், வரவேற்பு நடனம், ஆசியுரை, தலைமையுரை, வெளியீட்டுரை, ஆய்வுரை, ஏற்புரை. ஈழத்தில் நூல் வெளியீடு என்றால் ஒழுங்கு இதுதான். முதற்பிரதியை ஊரில் வசதியான ஒரு வர்த்தகர் பெற்றுக்கொள்வார். பிறகு சிறப்புப் பிரதி பெறுகிறவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். அவர்கள் மேடைக்கு வந்து கடித உறையைத் தந்து, நூலை வாங்கி, படத்துக்கு நிற்பார்கள். எழுதியவருடைய அச்சுச் செலவின் பெரும்பகுதி அந்த உறைகளில்தான் திரும்பி வரும். எனக்கும் வந்தது. அன்று 143 பிரதி போனது. அச்சுக் கடனில் மூன்றில் இரண்டு பங்கு அடைந்தது. இந்த வழக்கம் இல்லாவிட்டால் வன்னியில் பாதி நூல் வெளிவந்தே இராது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த உறைகளைத் தந்தவர்கள் பலர் நாட்கூலிக்கு வேலை செய்கிறவர்கள்.

ஒரு வருடம் கழித்து, சிறப்புப் பிரதி பெற்றவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு 30 பேரைச் சந்தித்து நேராகவே கேட்டேன். ஒரு கதையாவது வாசித்தவர்கள் 11 பேர். முழுதாக வாசித்தவர்கள் 3 பேர். ஒரு வீட்டில் நூல் சாமிப்படத்துக்குக் கீழே பத்திரமாக இருந்தது. மஞ்சள் பொட்டுக்கூட வைத்திருந்தார்கள். என்மேல் இருந்த அன்பில் வைத்தது அது. அந்த அன்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த நூல் திறக்கப்படவில்லை.

யோசித்துப் பார்க்க, அந்த உறைகள் கல்யாண வீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும் கொடுக்கிற உறைகளோடு சேர்ந்தவை. கொடுத்தவர் பெயரை வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். அவர் வீட்டில் ஒன்று நடந்தால் நாங்கள் போவோம். நூல் வெளியீடும் அப்படி ஒரு நன்மை தீமையாகத்தான் நடக்கிறது. சனம் எனக்காக வந்தது, கதைக்காக வரவில்லை. கதைக்கு ஆள் தேடும் வேலையை விழா முடிந்த மறுநாளே தொடங்கியிருக்க வேண்டும். நான் விழாவோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பெட்டிகள்

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு புத்தகக் கடைகளில், விற்றால் காசு என்ற ஏற்பாட்டில், 35 வீதக் கழிவுக்குத் தலா 20 பிரதி வைத்தேன். இரண்டிலுமாக விற்றது 26. பிரதேச சபை நூலகங்கள், பாடசாலைகள், எழுத்தாள நண்பர்கள் என்று 60 பிரதி இலவசமாகப் போனது. கையில் கொண்டுபோய் ஐந்து வருடத்தில் விற்றது 121.

38 பிரதியைக் கறையான் தின்றது. மாரிக்குப் பிறகு ஒருநாள் கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்தேன். மேலே இருந்த அட்டைகள் அப்படியே பளபளவென்று இருந்தன. ஒன்றைத் தூக்கினேன், பாரம் இல்லை. உள்ளே தாள் இருந்த இடத்தில் ஈரமண். அட்டையை மட்டும் விட்டு நடுவால் கிண்டியிருந்தது. புத்தகப் பெட்டியை நிலத்தில் வைக்கக் கூடாது, செங்கல்லின்மேல் பலகை போட்டு, சுவரில் முட்டாமல் வைக்க வேண்டும். வன்னி மண்ணில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயத்தை, நெல் மூட்டைக்குச் செய்கிற அதே வேலையை, நூலுக்குச் செய்ய எனக்குத் தோன்றவில்லை.

வாசிப்பு நின்ற வருடம்

இதுவரை சொன்ன நட்டங்களை விட இது பெரியது.

2018க்கு முன் மாதம் இரண்டு நூலாவது வாசிப்பேன். பிரதேச சபை நூலகத்தில் எடுத்தால் இரண்டு கிழமைக்குள் கொடுக்க வேண்டும், அந்தக் கட்டாயமே வாசிக்க வைக்கும். 2019 முழுவதும் நான் வாசித்தவை 4. மற்ற நேரமெல்லாம் பிரதி கொண்டு திரிந்தேன், நிகழ்வுகளுக்குப் போனேன், யார் என்ன சொன்னார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் மற்றவர்களின் வெளியீடுகளுக்குப் போய் உறை கொடுத்து வாங்கிய நூல்கள் 37. என் நூலை யாரும் வாசிக்கவில்லை என்று மனம் புழுங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், அந்த 37இல் 33 என் அலுமாரியில் திறக்கப்படாமல் கிடந்தன. இதைக் கணக்குக் கொப்பியில் எழுதியபோதுதான் எனக்கே உறைத்தது.

எழுத்தும் கெட்டுப்போனது. இருந்து எழுதினால் மேடையில் கேட்ட வசனங்கள் வந்தன. “மண்ணின் வலிகளைச் சுமந்து...” என்று ஒரு கதையைத் தொடங்கியிருந்தேன். என் கொப்பியில், என் கையெழுத்தில். கிழித்துவிட்டேன்.

2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது நூலகமும் பூட்டு. தொலைபேசியில் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தைத் திறந்தேன். 2005இல் தொடங்கியதிலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக வருடி இலவசமாக வைத்திருக்கிறார்கள். சிறிய திரையில் எழுத்தைப் பெருப்பித்து, வரிவரியாக நகர்த்தி வாசித்தேன். பழைய ‘மல்லிகை’ இதழ்களில் பல நாள் இருந்தேன். 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய இதழ். அதை அவரே கையில் கொண்டுபோய்த் தெருத்தெருவாக விற்றார் என்பது எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. எனக்கும் தெரியும். ஆனால் என் பிரதிகளைக் கையில் கொண்டு திரிந்த பிறகு அதை நினைத்துப் பார்ப்பது வேறு. அவர் ஒரு நாள் விழாவுக்காக நடக்கவில்லை. அடுத்த மாதமும் அதே ஆட்களிடம் போக வேண்டியவராக இருந்தார்.

ஊரடங்கு முடிவதற்குள் அலுமாரியில் இருந்த 33 நூலையும் வாசிக்கத் தொடங்கினேன். முடித்த ஒவ்வொன்றுக்கும் எழுதியவருக்கு இரண்டு பக்கக் கடிதம். எது பிடித்தது, எங்கே தடக்கியது என்று. ஒருவர் தொலைபேசியில் எடுத்து, “அக்கா, இந்தப் புத்தகத்தைப் பற்றி ஒருத்தர் முழுசா வாசிச்சுக் கதைக்கிறது இதுதான் முதல் தரம்” என்றார். அவர் நூல் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

2022

இரண்டாவது நூல் ஒரு குறுநாவல். வவுனிக்குளத்தின் கீழ் வயல் செய்கிற ஒருவன் சிறுபோகத்தில் பயிர் கருகுவதைப் பொறுக்காமல், இரவில் போய்க் குளத்து மதகான துருசைத் திறந்து தண்ணீர் விடுகிறான். பிடிபடுகிறான். 2021 கடைசியில் எழுதி முடித்தேன். 2022 தொடக்கத்தில் 500 பிரதிக்கு விலை கேட்டேன். ஆம், திரும்பவும் 500. படித்த பாடம் உடனே கைக்கு வருவதில்லை.

அந்த மார்ச்சில் டொலர் ஏறத் தொடங்கியது. தாள் இறக்குமதிப் பொருள். மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் தவணைப் பரீட்சையைப் பிற்போட்டார்கள். கொழும்பில் இரண்டு நாளிதழ்கள் அச்சுப் பதிப்பை இடைநிறுத்தின. இங்கே பத்திரிகைகள் மெலிந்து வந்தன. அச்சகம் தந்த விலை மூன்று நாளைக்குத்தான் செல்லும் என்றார்கள். நாலாம் நாள் கேட்டபோது வேறு விலை. அடுத்த கிழமை அதைவிடக் கூட. நூலை நிறுத்தி வைத்தேன். அன்றைக்கு அழுகை வந்தது. ஆனால் அந்த நூலுக்கு நடந்த நல்லது அதுதான்.

ஞாயிறு நாலு மணி

எங்கள் சனசமூக நிலையத்தில் ஒரு மேசை, இரண்டு வாங்கு, பத்திரிகை கொழுவும் தடி. பின்னேரத்தில் வயதானவர்கள் வந்து பத்திரிகை பார்ப்பார்கள். மின்வெட்டு நேரம் வீட்டில் இருக்க முடியாமல் இன்னும் சிலர் வருவார்கள். ஒரு ஞாயிறு தலைவரிடம் கேட்டுவிட்டு, குறுநாவலின் முதல் அத்தியாயத்தை வாசித்தேன். நாலு பேர் இருந்தார்கள்.

வாசித்துக் கேட்பது இங்கே புதிது இல்லை. கோயிலில் கந்தபுராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டைப் படிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார், சனம் இருந்து கேட்கும். முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்து அண்ணாவியாரின் கொப்பியிலிருந்து ஆடுகிறவர்களின் வாய்க்குப் போகிறது. எழுத்து என்றால் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பது என்ற பழக்கம் சனத்திடம் இருக்கிறது. புத்தகத்தைத் தனியே இருந்து வாசிக்கச் சொல்லித்தான் நாங்கள் அவர்களை வற்புறுத்துகிறோம்.

11 ஞாயிறு வாசித்தேன். ஐந்தாவது கிழமை பதினைந்து பேர் அளவில் வந்தார்கள். ஆறாவது கிழமை அந்த இரவுக் காட்சி. அவன் தனியாகக் குளக்கட்டால் நடந்து போய், துருசைத் திருகுகிறான். எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். முடிந்ததும் ஒருவரும் கதைக்கவில்லை. மூலையில் இருந்த ஐயா, நாற்பது வருடம் வயல் செய்தவர், தொண்டையைச் செருமினார்.

“பிள்ளை, கதை நல்லாத்தான் கிடக்கு. ஆனா துருசுத் திறப்பு அவனிட்டை எப்பிடி வந்தது?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். எந்தப் போகத்துக்கு எவ்வளவு தண்ணீர், எந்தத் திகதியில் திறப்பது என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். துருசின் இரும்புத் தண்டுக்குப் பூட்டு இருக்கும். திறப்பு நீர்ப்பாசனத் திணைக்களத்து வேலையாளிடம். நினைத்தவன் போய்த் திருகினால் குளத்தில் தண்ணீர் மிஞ்சுமோ? நான் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவள். மல்லாவியில் இவ்வளவு வருடம் இருந்தும் வாய்க்காலில் தண்ணீர் வருவதைத்தான் கண்டிருக்கிறேன், அது எப்படி வருகிறது என்று கேட்டதில்லை. கதையின் முழுப் பாரமும் நிற்கிற இடத்தில் ஒரு பூட்டு இருப்பது எனக்குத் தெரியாது.

“அப்ப என்ன ஐயா செய்யலாம்?” என்றேன்.

“அது உன்ர கதை. நீதான் திறப்பை வாங்கிக் குடுக்க வேணும்.”

சனசமூக நிலையத்துக்குப் பெண்கள் வருவது குறைவு. அதனால் புதன்கிழமைகளில், மாதர் சங்கக் கூட்டம் முடிந்த கையோடு, ஒரு வீட்டு விறாந்தையில் அதே அத்தியாயங்களை வாசித்தேன். அங்கே பூட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கச்சான் உடைத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா கேட்டா: “அவன்ர மனிசி ஏன் கதை முழுக்க ஒண்டும் கதைக்கேல்லை? அவள் அப்ப என்ன செய்து கொண்டிருந்தவள்?”

இந்த இரண்டு கேள்வியையும் மூன்று கிழமை சுமந்துகொண்டு திரிந்தேன். ஒருநாள் சங்கத்தில் இருப்புப் புத்தகத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது இரண்டும் ஒன்றாக வந்து பொருந்தின. திறப்பு வைத்திருக்கும் வேலையாள் மனைவியின் தமையன். திறப்பை வாங்கித் தருவது அவள். எப்படி வாங்கினாள், தமையனிடம் என்ன சொன்னாள், பிறகு அந்த வீட்டுக்கு அவளால் போக முடிந்ததா என்பதுதான் இப்போது நூலின் பாதி. முதல் எழுத்தில் அவளுக்குப் பெயரே இல்லை.

இரண்டாம் நூல் அச்சானது

2023இல் டிஜிட்டல் முறையில் 100 பிரதி. பிளேட் இல்லாததால் குறைவாக அடிக்கலாம். ஒரு பிரதியின் அடக்க விலை ஓப்செட்டைவிடக் கூட, ஆனால் மொத்தமாகக் கையைவிட்டுப் போகும் காசு என் ஒரு மாதச் சம்பளத்துக்குள் நின்றது. பக்கம் வடிவமைத்தவர் யூனிகோட்டிலேயே செய்தார். மூன்று தடவை புரூவ். கடைசிப் புரூவைத் தங்கச்சியின் மகள் வாய்விட்டு, காற்புள்ளியையும் சேர்த்து வாசித்தாள், நான் மூலத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். “அவள் கமா திறப்பை கமா” என்று இரண்டு இரவு.

விழா வைக்கவில்லை. ஒரு ஞாயிறு நாலு மணிக்கு ஐயாவிடம் முதற்பிரதியைக் கொடுத்தேன். அவர் காசு தந்துதான் வாங்குவேன் என்று நின்றார். வாங்கிய கையோடு துருசு வரும் பக்கத்தைத் தேடி, கண்ணாடியை மாட்டி, வாசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கேட்டவர்களில் அநேகமானோர் தாங்கள் கேட்ட கதையை வாங்கினார்கள், பிறகு தங்கள் ஆட்களுக்கு வாங்கினார்கள். 100 பிரதி ஏழு கிழமையில் முடிந்தது. ஒக்ரோபர் தேசிய வாசிப்பு மாதத்தில் ஒரு நூலகத்தில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். அங்கே சொற்பொழிவு வேண்டாம், ஒரு அத்தியாயம் வாசிக்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு இரண்டாவது 100.

இந்த வழியின் குறைகள்

இது எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கவிதைக்கும் ஆய்வு நூலுக்கும் இதே மாதிரி நடக்குமா என்பதை அவற்றை எழுதுகிறவர்கள்தான் செய்து பார்க்க வேண்டும். என் நூல் வன்னிக்கு வெளியே அதிகம் போகவில்லை. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ யாரும் மதிப்புரை எழுதவில்லை. வெளிநாட்டிலிருந்து கேட்டவர்களுக்குத் தபால் செலவு நூலின் விலையைத் தாண்டியது. இரண்டு பேர் அப்படியும் எடுத்தார்கள், மற்றவர்கள் பின்வாங்கினார்கள்.

ஒருவர் முழு நூலையும் படம் பிடித்துப் பீ.டி.எப். ஆக்கி வாட்ஸ்அப் குழுக்களில் விட்டார். நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தார். எனக்கு நெஞ்சு பதைத்தது. அதைப் பார்த்து மூன்று பேர் அச்சுப் பிரதி கேட்டது உண்மை. அதனால் அது சரியாகிவிடாது. ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நானே தெளிவான கோப்பைக் கொடுத்திருப்பேன்.

கொப்பியில் வராத செலவு ஒன்றும் இருக்கிறது. 11 ஞாயிறும் 11 புதனும் வீட்டில் என் வேலையை அம்மாவும் தங்கச்சியும் செய்தார்கள். அவர்களுக்கு நான் சம்பளம் கொடுத்திருந்தால் இந்த நூலும் நட்டம்தான்.

இப்போது ஞாயிறு வாசிப்பை நான் மட்டும் செய்வதில்லை. துணுக்காயிலிருந்து ஒரு தம்பி தன் கதையைக் கொண்டுவருகிறான். என்னைவிட நன்றாக எழுதுகிறான். மூன்றாவது கிழமை ஐயா அவனிடம் மாடு கன்று போடுவதைப் பற்றி ஒன்று கேட்க, அவன் முகம் சிவந்து கொப்பியை மூடினான். அடுத்த கிழமை திருத்திக்கொண்டு வந்தான்.

முதல் நூலில் மிஞ்சிய பிரதிகளைப் பலகைக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். இரண்டாவதை வாசித்தவர்கள் சிலர் அதையும் கேட்கிறார்கள். துண்டுத்தாளோடு கொடுக்க மனம் வரவில்லை. அதனால் கேட்கிறவர்களுக்கு மட்டும், கடைசி மூன்று கதைகளிலும் ஒவ்வொரு ‘இ’யையும் மெல்லிய வெள்ளை மையால் மறைத்து, காய்ந்த பிறகு கறுப்புப் பேனையால் காற்புள்ளி போடுகிறேன். ஒரு பிரதிக்கு இரண்டு இரவு. இதுவரை 19 பிரதி முடிந்தது. 20ஆவது முள்ளியவளையில் ஒரு ரீச்சருக்கு. மூன்றாவது கதையில் இன்னும் ஆறு பக்கம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலைப் பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும்.